இருபது டெட்ரி

க்ல்தானியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
ஒன்பது மாடிக்கு இருபது டெட்ரி.
ஒன்பது மாடி என்பது
ஒரு பரமண்டல ஜெபம்,
நிதானமாய்ச் சொன்னால்.

வேறு நேரம் எனக்கில்லை, ஆண்டவரே.
ஆஸ்பத்திரிச் சலவையறையின் ஆவி
இன்னும் தலைமுடியில் இருக்க
இந்த ஆட்டங்கண்ட பெட்டிக்குள்தான்
உம் ராஜ்யத்தை வரச் சொல்கிறேன்.
இரண்டாம் மாடியில் ராஜ்யம்.
நான்கில் அப்பம்;
அங்கே யாரோ எப்போதும் வெங்காயம் வதக்குகிறார்கள்.
ஆறாம் மாடி வரும்போது மட்டும்
எனக்கு இருமல் வந்துவிடும்.
ஆறில் அவ்தாந்தில் இருக்கிறான்.
மூன்று குளிர்காலமாய்த் திரும்பாத
என் இருநூறு லாரியும் இருக்கிறது.

நேற்று கீழே அவன்.
காலடியில் உருளைக்கிழங்கு மூட்டை,
கோட்டின் எல்லாப் பைகளையும் துழாவிக்கொண்டு.
பார்க்காதது போல் நின்றேன்.
நான் பார்க்காததைப் பார்க்காதது போல் அவன்.
பிறகு என் விரல்
என்னைக் கேட்காமல் காசைப் போட்டது.

ஏறினோம்.
உதடு அசையாமல் தொடங்கினேன்.
ராஜ்யம். வெங்காய வாசனை. அப்பம்.
ஆறில் கதவு திறந்தது.
இருமல் வரவில்லை.
வார்த்தை வந்தது, முழுசாய்,
கொஞ்சம் சத்தமாகவே.

செருப்பால் கதவைத் தடுத்து நின்றான்.
"இருநூறு லாரி. இப்போது இருபது டெட்ரியும்,"
என்றான், தரையிடம்.
"இருபது டெட்ரியை விடு," என்றேன்.

ஒன்பதில் சாவியைத் தேடும்போது
என் பையில் மண் ஒட்டிய நாலு கிழங்கு.
எப்போது போட்டான்?

அந்த இருநூறைப் பற்றி
நாளை ஏறும்போது பேசுவோம், ஆண்டவரே.