முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்

பத்தொன்பது வருஷமாய்
இந்த ஊராட்சியின் கூட்டக் குறிப்பை எழுதுகிறவள் நான்.
அதில் வானிலை வராது.
யார் முகம் சிவந்தது என்பதும் வராது.

சாஸ்காட்செவன் சமவெளியில்
ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை:
ஒரு மன்றம், ஒரு பனித்தளம்,
தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன மேடு,
மைலுக்கு ஒரு விளக்கு.

ஒரெஸ்ட் பிட்லூப்னி
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
மைனஸ் முப்பத்தெட்டிலும் வந்துவிடுவார்.
எஞ்சின் உறையாதிருக்க மின்கம்பியைச் செருகிவிட்டு
கையுறையைக் கழற்றி ஹீட்டர்மேல் வைப்பார்.
அறை முழுக்க டீசல் வாசனை,
கொஞ்சம் பூண்டும்.

கேட்பதெல்லாம் சின்னது.
மூன்றாம் மதகுக்கு ஒரு குழாய்.
கல்லறைச் சாலைக்கு இரண்டு லோடு சரளை.
"செத்தவங்களுக்கு அவசரமில்ல,
சுமக்கிறவங்களுக்கு முதுகு இருக்கே" என்பார்.
அதையும் நான் எழுதவில்லை.

அவர் நிலத்தில் பாதி கோதுமை, பாதி சிவப்புப் பருப்பு.
கப்பலேறிப் போகிற பருப்பு.
எந்த ஊர் உலையில் கரைகிறதோ,
அவர் வாயில் வைத்ததில்லை.
ஒருமுறை கேட்டேன்.
"மாட்டுக்குப் போட்டேன்,
அது என்னையே பார்த்தது" என்றார்.

லிண்ட்குவிஸ்ட்டோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
காரணம் ஒரு வாய்க்கால்.
இவர் பக்கம் பனி உருகினால்
அவர் கனோலா மூழ்கும்.
நிகழ்ச்சிநிரலில் அது ஏழாவது;
ஒவ்வொரு வசந்தத்திலும் ஒத்திவைக்கப்பட்டது.
மேசையின் இரு முனையில் இருந்து
இருவரும் என்னைப் பார்த்தே சண்டை போடுவார்கள்.
நான் தபால்பெட்டி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஆகஸ்ட். மேற்கிலிருந்து காற்று.
லிண்ட்குவிஸ்ட்டின் அறுவடை இயந்திரத்தில்
ஏதோ ஒரு பேரிங் சூடேறி
தாளடி பற்றிக்கொண்டது.
தீயணைப்பு வண்டியின் சாவி ஒரெஸ்ட்டிடம்தான் இருக்கும்.
சாவியை மகள் லாரிஸாவிடம் எறிந்துவிட்டு
டிராக்டரில் ஏறி, கலப்பையை இறக்கி,
அறுக்க நான்கே நாள் இருந்த தன் கோதுமையை
நெடுகக் கிழித்துப் புரட்டினார்.
அறுபதடி அகலம்,
அரை மைல் நீளம்,
கறுப்பு மண்.
நெருப்பு அந்த விளிம்புவரை வந்து
தின்ன ஒன்றுமில்லாமல் படுத்தது.

நான் ரொட்டியும் காப்பியும் கொண்டுபோனபோது
ஒரே வண்டியின் பின்பலகையில் இருவரும்,
புருவம் கருகி.
நடுவில் ஒரு தண்ணீர்க் கேன்.
பேசவில்லை.
கேன் மட்டும் அங்குமிங்கும் போய்வந்தது.

செப்டம்பர் கூட்டம்.
பழைய தண்ணீர் டாங்கர் ஒன்று வாங்கலாம் என
முன்மொழிந்தவர்: ஒ. பிட்லூப்னி.
அறை காத்திருந்தது.
குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது.
வழிமொழிந்தவர்: எ. லிண்ட்குவிஸ்ட்.
ஏகமனதாக நிறைவேறியது.

என் பேனா கொஞ்சம் நின்றது.
அரை மைல் கோதுமையை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஏழாவது, வாய்க்கால்.
நாற்பது நிமிஷம் கத்தினார்கள்,
முதன்முறையாக
ஒருவரையொருவர் பார்த்து.

ஒத்திவைக்கப்பட்டது.