ஒன்பது கிலோ

சத்துவாச்சாரி கோர்ட்டிலிருந்து வந்த உறையின்
அரக்கை உடைத்து
ஏட்டு தணிகைமலை மேசையில் வைத்தபோது
மூக்குப்பொடி டப்பா என்றுதான் நினைத்தேன்.
வட்டம். நிக்கல் பூச்சு. ஓரத்தில் பச்சைக் களிம்பு.
ஒரு பக்கம் சுண்டுவிரல் நீளக் குழல்,
எதிர்ப்பக்கம் நாக்கு நீட்டியதுபோல் ஒரு தகடு.

"துப்பாக்கி மேடம். நூறு வருசம் இருக்கும்.
குண்டு இல்ல, தொடலாம்."

மூடியைத் திருகினார்.
சாத்துக்குடியைக் குறுக்கே அறுத்ததுபோல்
ஏழு அறைகள்,
நடுவுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்தபடி.
குதிரை என்று தனியாக ஒன்றுமில்லை.
நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே குழல் நீள,
தகடு உள்ளங்கை மேட்டில் பதிய,
முஷ்டியை மூடவேண்டும், அவ்வளவுதான்.
பாதி மூடலில் சக்கரம் ஓர் அறை நகரும்.
மீதியில் உள்ளே சுத்தி விழும்.
கைகுலுக்க வருகிறான் என்றே
எதிரில் இருப்பவர் நினைப்பார்.

கை மருத்துவப் பிரிவுக்கு இதில் என்ன வேலை?
காகிதத்தை நீட்டினார்.
எதிரி ஜம்புலிங்கம், வயது ஐம்பத்திரண்டு,
காகிதப்பட்டறை, பழைய இரும்பு வியாபாரம்.
'மேற்படியாரின் வலது கையால்
மேற்படி ஆயுதத்தை இயக்க முடியுமா?'

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
தகரம் அறுத்து
மூன்று தசைநாண்களை ஐப்பசியில் தைத்த கை.
கார்த்திகையில் ஸ்பாஞ்சு பந்து, தையில் களிமண்,
செவ்வாய்தோறும்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
நான் அதட்டிய கை.
கருவியின் ஊசி அரைக் கிலோ ஏறினால்
ஆளுக்கொரு காபி.

மீன் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தோம்.
சுருள்வில் கேட்பது ஒன்பது.

தோட்டப்பாளையத்தில் ஒருவர் தோளில்
பட்டாணி அளவு ஈயம் ஏறியது மாசியில்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
மாசி, முதல் செவ்வாய்: ஆறு.

இரண்டு காவலர் நடுவே வந்தார்.
வழக்கம்போல் செருப்பைக் கதவோரம் விட்டார்.
"உடைஞ்ச ஃபேனோட எடைக்கு வந்தது மேடம்,
இருநூறு கிராம் தேறாது."

"மெதுவா அமுக்குங்க" என்றேன்.
அப்படி நான் சொன்னதே இல்லை.
அவர் காதில் விழுந்ததோ பழைய அதட்டல்தான்.
ஏழு. எட்டு. எட்டரையில் நின்றது.
நான் மூச்சு விட்டேன்.
அவர் பல்லைக் கடித்தார்.
"ஒம்போதே கால்!"
சிரித்தார், காபி எங்கே என்பதுபோல்.

காகிதத்தில் இருப்பது முடியுமா.
முடிந்ததா என்று எவரும் கேட்கவில்லை.
இடது கையைப் பற்றியும் கேட்கவில்லை,
நானும்.
பதிலுக்கு விட்டிருந்த இடம் ஒரு விரற்கடை.
ஆறையும் ஒன்பதே காலையும்
அவற்றின் தேதிகளோடு
பொடி எழுத்தில் நெருக்கினேன்.

ஏட்டு மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டினார்.
செருப்பை மாட்டியபடி ஜம்புலிங்கம் திரும்பினார்:
"அடுத்த செவ்வாயும் வரணுமா மேடம்?"