கருப்பு ஒரு டாலர்

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்ட வியாழக்கிழமை.
எய்னார் போக்கர் சில்லுகளைத் துடைக்கிறான்.
பழைய பனியன் துணி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.
வெந்நீர் ஆகாதாம், களிமண் வளைந்துவிடுமாம்.
கை கழுவி வந்த டோய்வோவை
மறுபடி கழுவ அனுப்பினான்.

வெள்ளைதான் தேய்ந்துபோனது.
விளிம்பு மழுங்கி, அச்சு மங்கி,
ஆறு அடுக்கினால் சரிகிறது.
ஒரு டாலர் அது. இருபது குளிர்காலமாய்
எல்லாக் கையும் அதைத்தான் தொட்டது.
கருப்போ நூறு.
பெட்டியை விட்டு வந்ததே இல்லை;
விரல் வைத்தால் இன்னும் கீறும்.

"தேய்மானம் சமமாகணும்" என்றான்
முப்பது வருஷம் தாதுக் கப்பலில்
பேரிங் மாற்றியவன்.
"இன்றைக்குக் கருப்பு ஒரு டாலர்.
வெள்ளை நூறு. படுத்துக் கிடக்கட்டும்."

சீட்டுப் போட்டாயிற்று.
எனக்கு இரண்டு ராணி.
ஒரு கருப்பைத் தள்ளினேன்,
ஒரு காபிக்குக்கூடக் காணாத காசு.
தள்ளும்போது கை கொஞ்சம் நின்றது.

லவோன் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டாள்.
டோய்வோவுக்கு உள்ளங்கை வேர்த்தது.
பக்கத்தில் கிடந்த பனியன் துணியில்
துடைத்துக்கொண்டான்.

"அது சில்லுத் துணி"
என்றான் எய்னார்.