சந்தேகப்படும்படி எதுவும் இல்லை

எழுபத்து மூன்று பக்கம்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம்
நூற்று நாற்பத்தாறு கட்டி வாங்கி வந்தாள் ஜெறாள்டின்.
குளச்சல் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.
அவள் கடையில் பக்கம் ஒரு ரூபாய்தான்.
அதற்கே தனியாக ஒரு மனு போடலாம் என்று சிரித்தாள்.

"தாசையன் அண்ணா, எனக்கு இஞ்சின் பாஷை தெரியாது.
நீங்க கொஞ்சம் வாசியுங்க."

கடலோரக் காவல் படகின் டீசல் கணக்கு.
முத்து முத்தான எழுத்து, ஒரு அடித்தல் கிடையாது.
ஒரே நாளில் ஒரே பேனாவில்
ஒரு மாதத்தை எழுதினால்தான் அப்படி வரும்.

ஜூலை ஒன்பது. நூற்றெண்பது லிட்டர்.
ரோந்து, தேங்காய்ப்பட்டணம் வரை.
சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.
ஜூலை பத்து. நூற்றெண்பது. முட்டம் வரை.
சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.
ஜூலை பதினொன்று

நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

ஜூலை எட்டாம் தேதி ராத்திரி
அந்தப் படகின் இஞ்சினை
நாலு பேர் கம்பு கட்டித் தூக்கி
எனக்க ஷெட்டில் இறக்கினார்கள்.
பிஸ்டன் வேறு ரிங் வேறாகப் பிரித்து
பழைய பேப்பர் மேலே பரத்தி வைத்திருந்தேன்.
கொச்சியிலிருந்து ஒரு கேஸ்கட் வர
மாதம் முடிந்துவிட்டது.
உடம்பு கரையில், குடல் எனக்க பெஞ்சில்.
இருபத்து மூன்று நாள்
எந்தக் குடலால் குடித்தது அது டீசலை?

அந்த மாதம்தான் கச்சான் காற்றில்
சிலுவைப்பிச்சைக்க வள்ளம் மறிந்தது.
பலகையைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை கிடந்தான்.
கரையிலிருந்து எத்தனை போன்!
"படகு ரோந்துல இருக்கு" என்றது ஸ்டேஷன்.
கடியப்பட்டணத்துக்காரர்கள் வள்ளம் இறக்கி
அவனை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.
அந்தத் தேதியைத் தேடினேன். பத்தொன்பது.
கடல் அமைதி.
சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.

அறுபதாம் பக்கம் வரைக்கும்
எனக்குக் கோபம் இருந்தது. சொகமான கோபம்.
அறுபத்தொன்றில் எனக்க கையெழுத்து.

இஞ்சின் பழுது, கூலி உட்பட,
நாற்பத்தெட்டாயிரம்.
பேசியது நாலாயிரத்து எண்ணூறு,
அதிலும் எண்ணூறு இன்னும் பாக்கி.
"தொகையைப் பெறவு போட்டுக்கிடுதேன்,
நீ ஒப்பு மட்டும் போடும் அண்ணாச்சி" என்று
ஏட்டு தாணுலிங்கம் நீட்டிய வெள்ளைப் பில்லில்
கிரீஸ் கையோடு போட்டது.
பெருவிரல் ரேகைகூட
ஜெராக்ஸில் தெளிவாக விழுந்திருந்தது.

தலை தூக்கினேன்.
ஜெறாள்டின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தப் பக்கத்தை முதலிலேயே பார்த்துவிட்டுத்தான்
வந்திருக்கிறாள்.
இஞ்சின் பாஷையாம்.

அவளை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க
உட்காரவைத்தார்களாம்.
"நீ என்ன பெரிய வரி கட்டிக் கிழிச்சே?"
டோனர் வாங்கின பில்லைக் காட்டினாளாம்,
பதினெட்டு சதவீதம்.
"இந்த மேசையில எனக்க ஒரு ஆணி உண்டு சார்.
அது எங்க இருக்குன்னுதான் கேட்டேன்."

மேல்முறையீட்டோடு வைக்க
ஒரு வாக்குமூலம் எழுதிக் கேட்டாள்.
இஞ்சின் கிடந்த தேதிகளை எழுதினேன்,
கைக்கு வந்த தொகையை எழுதினேன்.
வெள்ளைப் பில்லை எழுதாமல் விடலாமா என்று
பேனா முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.
எழுதினேன்.
கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே
கிடந்த வெள்ளை இடத்தைக்
குறுக்கே கோடு போட்டு அடைத்தேன்.

நேற்று ஏட்டு ஷெட்டுக்கு வந்தார்.
மனு பற்றிப் பேசவில்லை.
மழை பற்றிப் பேசினார், மகள் கல்யாணம் பற்றிப் பேசினார்,
சாயா வாங்கித் தந்தேன், குடித்தார்.
போகும்போது பாக்கி எண்ணூறை
ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்தார்.
"நிக்கணும் சார்" என்று ரசீது எழுதினேன்.
எண்ணிலும் எழுதினேன், எழுத்தாலும் எழுதினேன்:
எண்ணூறு ரூபாய் மட்டும்.

வாங்காமல் போனார்.
அந்த இஞ்சின் இருந்த இடத்தில் கிடக்கிறது,
காற்றுக்குப் பறக்காமலிருக்க
மேலே ஒரு நட்டு.