மூன்று மில்லிமீட்டர்

அபராதச் சீட்டு இரண்டையும்
என் மேசைமேல் வைத்தாள் ஐலி காங்காஸ்.
இரண்டிலும் ஒரே போலீஸ்காரனின் கையெழுத்து.
முன்பக்க நம்பர் பிளேட் இல்லை.
முன்பக்க நம்பர் பிளேட் இல்லை.
"அவனுக்கும் இந்த வண்டிமேல் ஒரு கண்" என்றாள்.

வெளியே டுலூத் நகரத்து அக்டோபர்.
ஏரிக்காற்று
கதவிடுக்கில் விரல் நுழைத்துக்கொண்டிருந்தது.
பட்டறை நடுவில் அந்த வண்டி:
செர்ரிச் சிவப்பு, ஐந்நூறு குதிரைச் சக்தி,
இதுவரை ஓடியது நானூற்றுப் பன்னிரண்டு மைல்.
தரையை முகர்ந்து நிற்கும் மூக்கு.
அதில் குத்து இல்லை, துளை இல்லை.

வடிவமைத்தவர்கள்
பிளேட்டை மறந்துவிட்டார்கள்.
அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டார்கள்.
கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியையும் நான்கு திருகாணியையும்
ஒரு பொட்டலமாகக் கட்டி
டிக்கியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள்,
கல்யாண ஆல்பத்தில் சேர்க்காத சித்தப்பாவைப்போல.

வேறு வழிகள் சொன்னேன்.
இழுவைக் கொக்கியில் மாட்டும் கம்பி உண்டு:
பிளேட் ஓரமாய் நிற்கும், சுருட்டுப் பிடித்த வாய்போல.
ஒட்டும் நாடா உண்டு: மைனஸ் இருபதில் உரிந்துபோகும்.
"மைனஸ் இருபதில் இதை வெளியே எடுக்கமாட்டேன்."
"நூறு மைல் வேகத்திலும் உரியும்" என்றேன்.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

இருபத்தேழு வருடம்
மாநகராட்சியின் பனி அகற்றும் லாரி ஓட்டியவள்.
பன்னிரண்டடி இரும்புத் தகடுதான் அவளுக்கு முன்பக்கம்.
அதற்குப் பின்னால் உட்கார்ந்து
ஏழு தபால் பெட்டி,
ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயர்ப்பலகை,
யாரோ தெருவோரம் நிறுத்திய படகு,
இத்தனையும் சாய்த்திருக்கிறாள்.
தன் காசில் வாங்கிய பொருளில் மட்டும்
ஒரு கீறல் போட்டதில்லை.

"சரி, துளை போடு" என்றாள்.
"அந்த ரேடியோவை அணைத்துவிட்டுப் போடு."

காகித நாடா ஒட்டினேன். ரசமட்டம் வைத்தேன்.
ஒரு சக்கர வளைவிலிருந்து மறு வளைவுக்கு நூல் பிடித்து
நடுவைக் குறித்தேன்.
குறி, கம்பெனி சின்னத்துக்கு நேரே விழவில்லை.
மறுபடி அளந்தேன். டேப்பை மாற்றி அளந்தேன்.
தொழிற்சாலையிலேயே சின்னம்
மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது.
இத்தனை விலை. மூன்று மில்லிமீட்டர்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.
பதினாறு வருடத்தில் வண்டிக்காரர்களிடம்
நான் சொல்லாமல் விட்டவை
பழைய ஆயில் டிரம் ஒன்று நிறையத் தேறும்.
சொல்லிவிட்டேன்.

"வண்டிக்கு நடுவில் வைத்தால் கோணலாகத் தெரியும்.
சின்னத்துக்கு நேரே வைத்தால் நேராகத் தெரியும்,
ஆனால் கோணல்."

ஐலி முழங்காலிட்டாள். மூட்டு சொடுக்கியது.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.
"பனிப்புயலில் நடுக்கோடு தெரியாது, நெங்.
சாலையே தெரியாது.
இரண்டு பக்கத் தபால் பெட்டிகளைப் பார்த்துத்தான் ஓட்டுவோம்.
அதை எவன் அளந்து நட்டான்?
தெரிகிறதைப் பிடித்துப் போனால் ஊர் வந்து சேரும்.
சின்னத்துக்கு நேரே போடு."

அப்படி ஓட்டித்தானே ஏழு பெட்டி?
கேட்க வாய் வந்தது.
கையில் டிரில் இருந்தது.

முதல் துளைக்கு
பிளாஸ்டிக் லேசாக முனகியது, பிறகு விட்டுக்கொடுத்தது.
பென்சில் சீவியதுபோல்
சிவப்பாய் ஒரு சுருள் சிமென்ட் தரையில் விழுந்தது.
ஐலி கண்ணை மூடவில்லை.
நான்தான் மூடினேன், ஒரு நொடி.
இரண்டாவது துளை வெறும் வேலை.

பிளேட்டை மாட்டினேன்:
நீல ஏரி, கரையில் மரங்கள்,
அவள் கேட்டு வாங்காத ஓர் எண்.
பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.
"வேலைக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கிறது."
குறையாகச் சொன்னாளா, தெரியவில்லை.

கதவைத் தூக்கிவிட்டேன்.
ஈரப்பனி பொடியாய் விழத் தொடங்கியிருந்தது.
அவள் போன வேகத்துக்கு
இரண்டாவது சிக்னலுக்குள் எண் மறைந்திருக்கும்.
பனி மூடிய எண்ணுக்கும்
ஓர் அபராதம் உண்டு.
அதை அவளிடம் சொல்லவில்லை.