நாலு ஆம்பியர்

ராத்திரி பத்தரை. ஆடிக் காத்து
கண்ட்ரோல் ரூம் ஜன்னல் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ராதாபுரத்துக்குத் தெற்கே எங்கள் சப்ஸ்டேஷன். டூட்டியில் நான் மட்டும்.
பேனலில் ஏழு ரிலே, ஏழு பச்சை விளக்கு.
ஐந்தாவது, குட்டம் பீடர்.

மூன்று மாதம் முன்னால்
பாளையங்கோட்டை ஜீப்பில் பிரம்மசக்தி மேடம் வந்திருந்தார்.
அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்தி
அந்தத் தீப்பெட்டித் திரையில்
ஒவ்வொரு எண்ணாகப் போட்டார்.

இருநூறு ஆம்பியர் வரை பேசாமல் இரு.
தாண்டினால் எண்ணத் தொடங்கு.
இரண்டு மடங்கென்றால் ஒரு நொடி பொறு,
பத்து மடங்கென்றால் அதில் மூன்றிலொரு பங்குகூட வேண்டாம்.
பதினைந்து மடங்கா, எண்ணாதே, வெட்டு.
கரண்ட் வந்த கணத்தில் டிரான்ஸ்பார்மர் எல்லாம்
சேர்ந்து மூச்சிழுக்கும்; அது பழுதில்லை,
அந்த அலையின் நெளிவே வேறு, விட்டுவிடு.
பனையோலை உரசிப் போனால் ஒரு தரம் வெட்டி
அரை நிமிஷத்தில் நீயே மூடிப் பார்.
மறுபடியும் இருந்தால் பூட்டிக்கொள்.
சொல்லியும் பிரேக்கர் அசையாவிட்டால்
இருநூறு மில்லிசெகண்டுக்கு மேல் மரியாதை பார்க்காதே,
மேலே இன்கமரிடம் சொல்லிவிடு.

கடைசியாகப் போட்டதுதான் வில்லங்கம்.
மண்ணுக்குக் கசியும் கரண்ட்: நாலு ஆம்பியர்.
ஐந்து நொடி.
மறுபடி மூடுவது: கிடையாது.

"நாலா? மேடம், இந்த உப்புக்காத்துல
இன்சுலேட்டர் வேர்த்தாலே அடிக்குமே. இருபது போடுங்க."
அவர் திரும்பவில்லை.
"உங்க லைன்ல தேரி எத்தனை கிலோமீட்டர்?"
"ஒம்பது இருக்கும்."
"காஞ்ச தேரி மண்ணு கரண்ட வாங்காது அண்ணாச்சி"
என்று மட்டும் சொல்லி மூடியைத் திருகினார்.

அதன்பின் அது பதினோரு தடவை அடித்தது.
பதினோரு தடவையும் லைனில் ஒன்றுமில்லை.
லைன்மேன் தளவாய் வைத்த பேர், தொட்டாச்சிணுங்கி.
நாலை இருபதாக்கச் சொல்லி
நானே இரண்டு கடிதம் எழுதினேன்.

அன்று குட்டத்துப் பக்கம் ஒரு கொடை.
பத்து முப்பத்தெட்டுக்கு ஐந்தாவது விளக்கு சிவந்தது.
பிரேக்கர் விழுந்த அதிர்வு
தரை வழியாக என் செருப்புக்கு வந்தது.
மற்ற ஆறும் தன்பாட்டுக்குப் பச்சை.

போன்.
"சாமி ஆடுத நேரத்துல மைக்கு நின்னு போச்சு வே!"
அடுத்த போன் தலைவர்.
அதற்கடுத்தது தலைவருடைய மச்சான்:
"அடிச்சா போட வேண்டியதுதான, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீரு?"

நியாயந்தான். பன்னிரண்டாவது தடவை.
பூட்டை விடுவித்தேன். சுவிட்சைப் பிடித்தேன்.
வலப்பக்கம் ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

ஏன் திரையைப் பார்த்தேனென்று இப்போதும் தெரியாது.
முந்தைய பதினொன்றும் நாலே கால், நாலரை.
இது ஆறு புள்ளி இரண்டு.
மூன்று பேஸிலும் நூறு ஆம்பியர் ஒன்றுமறியாமல் ஓட,
அடியில் இது மட்டும்
ஐந்து நொடியும் ஏறி இறங்கித் துடித்திருக்கிறது.

கையை எடுத்தேன். தளவாயைக் கூப்பிட்டேன்.
திட்டிக்கொண்டே பைக்கை உதைத்தான்.

பன்னிரண்டே காலுக்குப் பேசினான்.
காத்திரைச்சலில் பாதி கேட்கவில்லை.
"பின் இன்சுலேட்டர் ஒடிஞ்சி... கம்பி மண்ணுல கெடக்கு,
அறுபது அடி இருக்கும்...
பக்கத்துல ஒருத்தன் வேட்டிய விரிச்சிப் படுத்துக் கெடக்கான்."
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
"உசுரோடதான்! தண்ணி. எழுப்புனா என்னைய அடிக்க வாரான்."

விடிந்ததும் தளவாய் மேஜைமேல் ஒன்றை வைத்தான்.
விரல் நீளம். மணல் உருகி உறைந்த கண்ணாடி.
வெளியே செம்மண் சொரசொரப்பு,
உள்ளே கறுப்பு, வழுவழுப்பு.
"இதுக்கு அஞ்சு நொடி" என்றான்.
வேறு பேர் எதுவும் சொல்லவில்லை.

லாக்புக்கில் காரணம் எழுதும் கட்டம்
இரண்டு விரல் அகலம்.
நிலக்கசிவு, ரிலே சரி, என்று எழுதினேன்.

டிராயரில் மூன்றாவது கடிதம் பாதியில் கிடந்தது,
'இருபது' என்ற சொல்வரை.
அந்த வாரம் முழுக்க
அதன் பின்பக்கத்தில் ரீடிங் கூட்டினேன்.