முப்பது மில்லி அறை

வல்பரைசோவில் குன்றேறும் பெட்டிவண்டிக்குக்
காசு வாங்குகிறவள் ஹசிந்தா.
சில்லறை நீட்டுகிறவர்கள்
"நான் என்ன தப்புச் செய்தேன்?" என்கிறார்களாம்.
அவள் முறைக்கவில்லை.
இமை இறங்கவில்லை, அவ்வளவுதான்.
விழி பிதுங்க வேலை செய்கிறவள் அல்ல,
விழி பிதுங்கிய பின்னும் வேலைக்கு வருகிறவள்.

கழுத்துச் சுரப்பியோடு மூண்ட சண்டை
கண்ணுக்குப் பின்னால் தசைகளைப் பருக்க வைத்தது.
வீக்கம் ஓயட்டும் என்று
ஏழு மாதம், கண்ணில் களிம்பு விட்டுக்கொண்டு
காத்திருந்தோம்.

நாளைக்கு அறுவை.
திரையில் அவள் மண்டையைச் சுழற்றிப் பார்க்கிறேன்.
ஏழு எலும்பு கூடிக் கட்டிய கூம்பு.
கொள்ளளவு முப்பது மில்லி:
இருமல் மருந்தென்றால் ஆறு தேக்கரண்டி.
எலும்பு நெகிழாது.
குடியிருந்தவள்தான் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

மூக்குப் பக்கம் சுவரல்ல, காகிதம்.
எங்கள் குன்று வீடுகளின் தகரத் தடுப்பு;
பக்கத்து வீட்டு வானொலி
இந்தப் பக்கம்தான் பாடும்.
திறந்தால் அப்பால் காற்றறைகள், காலியாக.

ஆனால் எண்ணிக்கொண்டே போக வேண்டும்.
விளிம்பிலிருந்து இருபத்துநான்கு மில்லிமீட்டரில் ஒரு தமனி.
இன்னும் பன்னிரண்டில் இன்னொன்று.
அவற்றுக்கு மேலே ஏறாதே, மூளை.
அப்புறம் ஆறே ஆறு
பார்வை நரம்புக்கு.
எல்லா மண்டைக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது என்று தெரியும்.
எண்ணாமல் ஒருநாளும் போனதில்லை.

காதுப் பக்கம் தடித்த எலும்பு.
மஜ்ஜை கசியக் கசியக் கடைய வேண்டும்,
முட்டை ஓடாய் மெலியும்வரை.
பின்னால் ஒரு சவ்வு துடிக்கும்.
அங்கே கையை எடு.

மாலையில் அவளுக்கு இதைத் தாளில் வரைந்தேன்.
தரையும் உட்சுவரும் சேரும் மூலையில்
அவளாகவே விரலை வைத்தாள்.
"இந்தக் கம்பத்தைத் தொடமாட்டீர்கள்தானே?
சமையலறையை அகலமாக்குகிறேன் என்று
என் அண்ணன் ஒன்றை எடுத்தான்.
அடுத்த நிலநடுக்கத்தில்
மாடிக் கட்டில் அடுப்பின் மேல் இருந்தது."

தொடமாட்டேன் என்றேன்.
கண் சரிந்துவிடும் என்று
நான் சொல்லத் தேவைப்படவில்லை.

"எவ்வளவு உள்ளே போகும்?"
நாலு மில்லிமீட்டர். ஐந்தாகவும் இருக்கலாம்.
"கப்பல் இரண்டு இரண்டாகத் தெரிவது?"
போகும் என்று சொல்ல முடியாது.
கூடவும் கூடும்.

கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்தாள்.
"காசும் இரட்டையாகத்தான் தெரிகிறது,
முதலாளியிடம் சொல்லவில்லை" என்று சிரித்தாள்.

பிறகு படிவத்தை இழுத்துக்கொண்டு
எந்தக் கோடு நிஜம் என்று கேட்டு,
மூடாத இடது கண்ணை
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
கையெழுத்துப் போட்டாள்.